எருமைய வெட்டிட்டா அம்மா எதுல நிப்பா

எங்கப்பா கோவில்பட்டியில சாமி படத்துக்குக் கண்ணாடி போட்டுக் குடுக்குற கடை வச்சிருந்தாங்க. கடைன்னதும் பெருசா நினைச்சுக்க வேணாம், எட்டுக்குப் பத்துல ஒரு ரூம், ஒரு பக்கம் சட்டக் கட்டைங்க சாத்தி வச்சிருக்கும், இன்னொரு பக்கம் கண்ணாடி, நடுவுல ஒரு மேஜை, மேஜை மேல கண்ணாடி அறுக்குற வைர முனை, சின்ன ஆணி டப்பா, பசை. செவுரு முழுக்க சாமிங்க. ஸ்கூல் விட்டு வந்ததும் நான் அங்கதான் உக்காந்து ஹோம்வொர்க் பண்ணுவேன், அதனால முருகன் விநாயகர் லட்சுமி எல்லாம் எனக்கு சாமியா பழக்கமாகுறதுக்கு முன்னாடியே சைஸா பழக்கம். பதினாலுக்குப் பதினெட்டு முருகன், பத்துக்குப் பதினாலு லட்சுமி, இப்டி.

ஒருநாள் ஒரு பெரியம்மா வந்தாங்க. கையில ஒரு பழைய சட்டம், கூடவே காலண்டர்லேர்ந்து கிழிச்ச ஒரு மகிஷாசுரமர்த்தினி படம். சட்டம் சின்னது, படம் பெருசு. "கீழ இருக்க எருமைய வெட்டிட்டுப் போட்ருய்யா, சரியா வந்துரும்"னாங்க. அப்பா படத்த சட்டத்து மேல வச்சுப் பாத்தாங்க, நிஜமாவே சரியாத்தான் வந்துச்சு, எருமைத் தலையும் அதுலேர்ந்து பாதி வெளிய வந்து நிக்கிற மீசைக்கார அசுரனும் போயிட்டா அம்மன் முகம், கை எல்லாம் கச்சிதமா அடங்கும். ஆனா அப்பா வெட்டல. "எருமைய வெட்டிட்டா அம்மா எதுல நிப்பா, அந்தரத்துலயா?"ன்னு கேட்டாங்க. பெரியம்மா விடல, "எனக்கு அம்மா முகம் தெரிஞ்சா போதும்ய்யா, அந்த மூதேவி எருமை நடு வீட்ல எதுக்கு?" கடைசியில அப்பா அந்த சட்டத்தப் பிரிச்சு நாலு பக்கமும் கட்டை ஒட்டுப் போட்டு பெருசாக்கிக் குடுத்தாங்க, ஒட்டு வேலைக்குக் காசு வாங்கின மாதிரி ஞாபகம் இல்ல. எனக்கு அப்ப ஒம்பது பத்து வயசு இருக்கும். இது நடந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஏதாவது ஒரு புது ஓவியர் பழைய சாமியப் புதுசா வரைஞ்சிருக்கார்னு யாராவது லிங்க் அனுப்பினா நான் முதல்ல பாக்குறது சாமி முகத்த இல்ல, கீழ என்ன இருக்கு, அதுக்கும் சாமிக்கும் நடுவுல எவ்ளோ எடம் விட்ருக்காங்கன்னுதான்.

கோவில்பட்டிக்காரன்கிறதால ஒரு பெருமை அடிச்சுக்கிறேன். நீங்க தமிழ்நாட்டுல எந்த டீக்கடையில, எந்த மளிகைக்கடையில சாமி காலண்டர் பாத்து வளந்திருந்தாலும் அதுல பாதி எங்க ஊருச் சரக்கு. கொண்டையராஜு. 1898-ல பிறந்தவர், மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சவர், கொஞ்ச காலம் திருவண்ணாமலையில ரமணர் ஆசிரமத்துல இருந்துட்டு அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரை வரையப் போனவர். 1940-கள்ல கம்பெனி கோவில்பட்டியில வந்து கலைஞ்சு போச்சு, மனுஷன் இங்கயே தங்கிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, சுப்பையா, ராமலிங்கம்னு சிஷ்யங்க வரிசையா வந்தாங்க, பக்கத்துல சிவகாசியில பிரஸ் ஓடிக்கிட்டே இருந்துச்சு, 1976-ல அவர் போற வரைக்கும் தமிழ்நாட்டு வீட்டுக்கெல்லாம் சாமி முகம் இங்கேர்ந்துதான் போச்சுன்னா அது பெரிய பொய்யில்ல. அவர் படத்துல முருகனுக்குப் பின்னாடி தூண், தூணுக்குப் பின்னாடி குளம், குளத்துக்குப் பின்னாடி மலைன்னு அடுக்கடுக்கா வரும் பாருங்க, அது நாடகத் திரை. சாமி கைலாசத்துல நிக்கல, ஸ்டேஜ்ல நிக்குது. அதனாலதான் எல்லா சாமியும் நம்மளையே நேராப் பாக்குது, பாட்டு முடிஞ்சு கைத்தட்டலுக்கு நிக்கிற மாதிரி.

அதுக்கும் முன்னாடி ரவிவர்மா. அவர் கதை எல்லாருக்கும் தெரியும், அதனால சுருக்கமா: கிளிமானூர்க்காரர், 1848-ல பிறந்து 1906-ல செத்தார், 1894-ல பம்பாய்ல பிரஸ் போட்டார், ஒவ்வொரு கலருக்கும் தனித்தனிக் கல்லுல வரைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணா அச்சடிக்கிற முறை. சரஸ்வதிக்கும் லட்சுமிக்கும் புடவை கட்டி விட்டது அவர்தான்னு சொல்றது கொஞ்சம் மிகைதான், ஆனா நம்ம மனசுல இருக்க சரஸ்வதிக்குக் கட்டி விட்டது அவரேதான். அதாவது நம்ம ஆதி அந்தம் இல்லாததுன்னு நினைச்சுக் கும்பிடுற முகத்துக்கு மொத்த வயசே ஒரு நூத்தி முப்பது வருஷம். எங்க ஆச்சியோட அம்மா பிறந்தப்ப அந்த முகம் இன்னும் பிறக்கல. இது தெரிஞ்சப்புறமும் எனக்கு லட்சுமின்னா அந்த முகம்தான் வருது, என்ன பண்ண. இன்னைக்கு ஒரு ஓவியர் பழைய கடவுளப் புதுசா வரைய உக்காந்தா அவர் சண்டை போட வேண்டியது புராணத்தோட இல்ல, காலண்டரோட. புராணம் ரொம்ப இளக்கமானது, ஒரு கதைக்குப் பத்து வெர்ஷன் வச்சிருக்கும். காலண்டர்தான் ஒரே வெர்ஷன்.

அந்த ஒரே வெர்ஷன்ல மகிஷாசுரமர்த்தினி எப்டின்னா, நடுவுல அம்மன், செவப்புப் புடவை, பக்கத்துல சிங்கம், ஒரு கால் எருமை மேல, கையில சூலம், சூலத்து முனை அசுரன் நெஞ்சுல. அம்மன் சிரிச்சிக்கிட்டே இருப்பா. அசுரன் கறுப்பா, மீசை வச்சு, கண்ணு வெளிய பிதுங்கி. எங்க தெரு கறிக்கடை அண்ணாச்சி ஜாடை அப்டியே இருக்கும், அவரும் அதப் பாத்து சிரிச்சுக்குவார். ஆனா யோசிச்சா அது சிரிக்கிற விஷயமில்ல, அம்மன் எப்பவும் ரோஸ் கலர், அசுரன் எப்பவும் நம்ம கலர். 2017 கடைசியில சென்னையில ரெண்டு பேர் சேர்ந்து லட்சுமி, துர்கை, முருகன்னு எல்லாரையும் கறுத்த நிறத்துலயே மாடல் வச்சு போட்டோ எடுத்துப் போட்டாங்க, ஞாபகம் இருக்கலாம். நல்ல படங்க. எனக்கு அதப் பாத்ததும் தோணுனது, அட, இது புதுசே இல்லயே, கோயில்ல உள்ள போனா கருங்கல்லுல அப்டித்தான நிக்கிறா.

கோயில்னு சொன்னதும் கோஷ்டத்து துர்கை ஞாபகம் வருது, கோஷ்டம்னா கருவறை வெளிச்சுவர்ல இருக்க மாடம். சிவன் கோயில்ல பிராகாரம் சுத்தி வரும்போது வடக்குச் சுவர்ல இருப்பா, செவ்வாய்க்கிழமை மூணு மணிலேர்ந்து நாலரை வரைக்கும் ராகு காலத்துல எலுமிச்சம்பழ மூடியத் திருப்பிப் போட்டு விளக்கேத்துவாங்களே, அவதான். அடுத்த தடவை போனா அவ காலப் பாருங்க. எருமைத் தலை மேல நிக்கிறா. வெறும் தலை. சண்டையே இல்ல, சூலம் குத்தல, அசுரன் அலறல, சிங்கம்கூட அனேக எடத்துல கெடையாது. அவ பாட்டுக்கு நேரா நிக்கிறா, நாம தாமரைப் பீடம்னு சொல்ற எடத்துல எருமைத் தலை. இது கல்லுல வர்றதுக்கு முன்னாடியே பாட்டுல இருக்கு, சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில கொற்றவையப் பாத்து கேக்குறாங்க, ஆனைத்தோலப் போத்திக்கிட்டு, புலித்தோல உடுத்திக்கிட்டு, "கானத்து எருமைக் கருந்தலைமேல்" நின்னவ நீதானேன்னு. அப்பா கேட்ட கேள்வி மாதிரியே இருக்குல்ல. எருமை இல்லாட்டி அவ அந்தரத்துலதான் நிக்கணும். அங்க எருமை அவளுக்கு எதிரியா தெரியல, அவ நிக்கிற தரையாத்தான் தெரியுது.

காலண்டர்ல குத்து, கோஷ்டத்துல பீடம். மாமல்லபுரத்துல ரெண்டும் இல்ல.

காலேஜ் படிக்கும்போது நாலு பேரு பஸ் ஏறிப் போனோம், மத்தவங்க பீச்சுக்குப் போயிட்டாங்க, நான் லைட் ஹவுஸ் பக்கத்துல இருக்க மகிஷாசுரமர்த்தினி குகைக்குள்ள போயி உக்காந்துட்டேன், உள்ள ஜில்லுன்னு இருந்துச்சு, அதான் முதல் காரணம். அப்புறம்தான் சுவரப் பாத்தேன். 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. ஒரு பக்கம் அம்மன் சிங்கத்து மேல வர்றா, எட்டு கை, சின்னப் பொண்ணு மாதிரி ஒல்லியா, வில்லு நாண் இழுத்த படி. சுத்தி குள்ளக் குள்ள பூதகணங்க, ஸ்கூல் விட்டு வர்ற பசங்க மாதிரி குஷியா. இன்னொரு பக்கம் மகிஷன். காலண்டர்ல பாத்த பாதி எருமை பாதி ஆள் இல்ல, நல்லா ஆறடி ஆம்பளை ஒடம்பு, மேல மட்டும் எருமைத் தலை, தலையில கிரீடம், கிரீடத்துக்கு மேல குடை. ராஜா. கையில கதை. அவன் ஆளுங்க விழுந்து கெடக்கான், ஓடுறான், இவன் மட்டும் ஓடல. ஆனா ஒடம்பு ஒரு அரைக்கால் பின்னாடி சாயுது. அவ்ளோதான், அந்த சாய்வுதான் மொத்த சிற்பமும். தோக்கப் போறான்னு அவனுக்கே அந்த ஒரு நொடியிலதான் தெரியுது, அவளுக்கு இன்னும் தெரியல. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்க அந்த எடம் இருக்கே, அங்க ஏதோ காத்து அடிக்கிற மாதிரி இருக்கும். சூலம் குத்திட்டா அந்தக் காத்து போயிரும், அதான் அந்த சிற்பி குத்த விடல.

எதிர்ச் சுவர்ல பெருமாள் பாம்பு மேல படுத்திருக்கார், கால்மாட்டுல மதுவும் கைடபனும் கதையத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. ரொம்ப நாள் எனக்கு இது என்ன பொருத்தம், ஒரு சுவர்ல சண்டை இன்னொரு சுவர்ல தூக்கம்னு இருந்துச்சு. அப்புறம் தேவி மாஹாத்மியம் படிச்சப்பதான் புரிஞ்சது, எழுநூறு ஸ்லோகத்துல முதல் கதையே அந்தத் தூக்கம்தான், பெருமாள் கண்ணுல தூக்கமா இருக்குறதே தேவின்னு. ரெண்டாவது கதை மகிஷன். ஒரே புஸ்தகத்த ரெண்டு சுவர்ல பிரிச்சு வச்சிருக்கான். அதே புஸ்தகத்துல மகிஷன் சாவு இன்னும் விசித்திரமா இருக்கும், எருமையா இருக்கான், சிங்கமாகுறான், மனுஷனாகுறான், யானையாகுறான், திரும்ப எருமையாகுறான், கடைசியில அவன் எருமை வாய்க்குள்ளேர்ந்து மனுஷனா பாதி வெளிய வரும்போது தலை போகுது. முழுசா எதுவாவும் இல்லாத நேரத்துல. இத வரைய முடியுமா சொல்லுங்க. சிற்பிங்களும் ஓவியருங்களும் ஆயிரத்து ஐநூறு வருஷமா இந்தப் பாதியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க.

இதுக்கு நடுவுல மைசூரு. சாமுண்டி மலையில மகிஷாசுரன் சிலை, ஒரு கையில கத்தி, ஒரு கையில பாம்பு, கலர் கலரா. அங்க போறவங்கள்ல கோயிலுக்குள்ள போகாதவங்ககூட இருப்பாங்க, இவன் காலடியில போட்டோ எடுக்காதவங்க கெடையாது. எங்க வீட்டு ஆல்பத்துலயும் இருக்கு, நான் அழுதுக்கிட்டு நிக்கிறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2005 செப்டம்பர், நான் சென்னையில ஒரு பிரிண்டிங் கம்பெனியில லேஅவுட் வேலையில இருந்தேன், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தப்ப பேப்பர்ல ஒரு செய்தி. நியூயார்க் ஏலத்துல தயப் மேத்தாங்கிற ஓவியரோட மகிஷாசுரன் படம் 15 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குப் போயிருக்கு, கிட்டத்தட்ட ஏழு கோடி ரூபா. இந்தியத் தற்கால ஓவியம் ஒண்ணு ஏலத்துல பத்து லட்சம் டாலரத் தாண்டுனது அதுதான் முதல் தடவைன்னு போட்ருந்தான். கூடவே உள்ளங்கை சைஸ்ல படம். அப்பா கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. நான் சிரிப்பாங்கன்னு நினைச்சேன், ஏழு கோடிக்கு இதுவான்னு. அப்பா கேட்டது வேற. "இதுல எந்தக் கை யாரோடது?"

அதான் கேள்வி. தயப் மேத்தாவோட மகிஷாசுரன் வரிசைப் படங்களப் பாத்தவங்களுக்குத் தெரியும், ஷேடிங்கே இருக்காது, சமமா பூசுன வண்ணம், ஒரு வண்ணத்துக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல கத்தி வச்சு வெட்டுன மாதிரி ஒரு கோடு. தேவி, எருமை, மனுஷன் மூணு பேரும் ஒருத்தருக்குள்ள ஒருத்தர் பின்னிக்கிட்டு இருப்பாங்க. ஒரு கை கழுத்த நெரிக்கிற மாதிரியும் இருக்கும், புடிச்சுக்கிட்டு இருக்க மாதிரியும் இருக்கும். சிங்கம் இல்ல, அசுரக் கூட்டம் இல்ல, பின்னாடி மலை குளம் எதுவும் இல்ல. மாமல்லபுரத்துச் சிற்பி ரெண்டு பேருக்கும் நடுவுல விட்டு வச்ச அந்த எடத்த இவர் சுத்தமா எடுத்துட்டார். நான் இத எல்லாம் நேர்ல பாத்ததில்ல, முன்னாடியே சொல்லிடுறேன், பேப்பர்லயும் கேட்டலாக்லயும் ஸ்கிரீன்லயும்தான். ரவிவர்மா ஆயில் பெயிண்டிங்க எங்க ஆச்சியும் நேர்ல பாத்ததில்ல, காலண்டர்லதான் பாத்தாங்க. எங்க குடும்பத்துக்குக் கலை எப்பவும் அச்சாகித்தான் வந்திருக்கு.

அப்புறம் தயப் மேத்தாவப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். 1925-ல குஜராத்துல கபட்வஞ்சுங்கிற ஊர்ல பிறந்தவர், தாவூதி போராங்கிற முஸ்லிம் பிரிவுக் குடும்பம், வளந்தது பம்பாய். 1947 கலவரத்துல மொகமத் அலி ரோட்டுல வீட்டு ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கும்போது கீழ ஒரு ஆள ஒரு கூட்டம் அடிச்சே கொன்னுச்சு. அதப் பாத்து காய்ச்சல்ல விழுந்தார். அதுக்கப்புறம் அவர் வரைஞ்சதப் பாருங்க, காலக் கட்டிக் கீழ தள்ளுன காளை, ரிக்‌ஷா இழுக்குறவன், அந்தரத்துல தலைகீழா விழுற ஆளு. எல்லாமே ஒடம்பு, தப்பிக்க முடியாத ஒடம்பு. 1956-ல வரைஞ்ச அந்தக் கட்டுன காளைப் படம் 2025 ஏப்ரல்ல 61 கோடியே 80 லட்சத்துக்கு ஏலம் போச்சு, அவர் போயி பதினாறு வருஷம் கழிச்சு. அந்தக் கணக்கு இருக்கட்டும். என்னத் தூக்கி வாரிப் போட்டது வேற ஒண்ணு. 1970-ல அவர் ஒரு பதினாறு நிமிஷப் படம் எடுத்திருக்கார், ஓவியம் இல்ல, சினிமா, அதுல பாந்த்ரா கசாப்புக்கூடத்து மாடுங்க வரும். படத்துக்கு அவர் வச்ச பேரு கூடல்.

கூடல்! தமிழ்தான். குஜராத்துல பிறந்து பம்பாய்ல வளந்தவருக்கு அந்தச் சொல்ல யாரு குடுத்தா, எந்த ஃப்ரெண்டு சொன்னான்னு யோசிச்சுக்கிட்டு ஒரு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. மதுரைக்குப் பேரு கூடல். ஆத்துல ஆறு சேர்ற எடம் கூடல். ஊடலுக்கு அடுத்து வர்றது கூடல். நம்ம ஆளுங்க சண்டைக்கும் சேர்க்கைக்கும் நடுவுல ஒரே ஒரு எழுத்துதான வச்சிருக்காங்க, அந்த ஒரு எழுத்து கசாப்புக்கூடத்துக்கு எப்டிப் போச்சு?

அதுக்கப்புறம் இருபது வருஷம் கழிச்சு வர்றதுதான் மகிஷாசுரன் வரிசை. நடுவுல 1984, 85-ல சாந்திநிகேதன்ல போயி இருந்திருக்கார், அங்கேர்ந்து திரும்பினதுக்கு அப்புறம்தான் காளி வர்றா, 90-கள்ல மகிஷன் வர்றான். எனக்கென்னவோ அந்தக் காளையும் இந்த எருமையும் வேற வேற இல்லன்னுதான் தோணுது. கட்டிப் போட்ட மாடு நாப்பது வருஷம் கழிச்சு எந்திரிச்சு ஒரு தேவியோட கட்டிப் புரளுது. கொல்றவளுக்கும் சாகுறவனுக்கும் ஒரே ஒடம்பு. ஜன்னல்லேர்ந்து கீழ நடந்ததப் பாத்தவருக்கு யார் தேவி யார் அசுரன்னு அவ்ளோ சுலபமா கலர் பிரிச்சுப் பூச முடியாதுன்னு நினைக்கிறேன். இது என் ஊகம், அவர் அப்டிச் சொன்னார்னு யாரும் எடுத்துக்காதீங்க.

"அதெல்லாம் மாடர்ன் ஆளுங்க பண்ற குழப்பம், நம்ம புராணத்துல நல்லது கெட்டது தெளிவா இருக்கு"ன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான். இருக்கா? தேவி பாகவதத்துல மகிஷன் முதல்ல அனுப்புறது படையா இல்ல, பொண்ணு கேட்டுத் தூது. திருவண்ணாமலைக் கதைய எடுத்துக்கோங்க, அம்மன் மகிஷனக் கொன்னுட்டுப் பாத்தா அவன் கழுத்துல லிங்கம். சிவ பக்தனக் கொன்னுட்டோமேன்னு எடுக்கப் போறா, லிங்கம் கையில ஒட்டிக்கிச்சு, வரல. பாறையக் கத்தியால வெட்டித் தீர்த்தம் உண்டாக்கி அதுல குளிச்சு, அப்புறம்தான் விடுது. கட்க தீர்த்தம்னு இன்னைக்கும் துர்கை கோயில்ல சொல்வாங்க. கொன்னவ கையில செத்தவனோட சாமி ஒட்டிக்கிட்டு விட மாட்டேங்குது, இந்தக் காட்சிய விட மாடர்னா ஒருத்தர் என்னத்த யோசிச்சிர முடியும்? கொண்டையராஜு அந்த ஊர்லயே இருந்தவர், ஏன் இத வரையலன்னு கேக்கத் தோணுது, ஆனா வரைஞ்சிருந்தா யாரு வாங்கி மாட்டுவா, காலண்டர்ல அம்மன் அழ முடியாது. அதே மகிஷன ஜார்க்கண்ட்ல அசுர்னு ஒரு பழங்குடி தங்களோட முன்னோர்னு சொல்றாங்க, ஊரே துர்கா பூஜை கொண்டாடுற நாள்ல அவங்க துக்கம் காக்குறாங்க. ஆக யாரு புதுசா யோசிக்கிறா, யாரு பழசத் தோண்டி எடுக்குறாங்கிறது எனக்கு இப்ப பிரிச்சுச் சொல்லத் தெரியல.

இன்னொரு கேள்வியும் வரும், வேற மதத்துக்காரர் எப்டி நம்ம சாமிய வரையலாம்னு. ஓவியர் எம்.எஃப். ஹுசேனுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும், 1996-லேர்ந்து வழக்கு, மிரட்டல், 2006-ல நாட்ட விட்டுப் போயி 2010-ல கத்தார் குடியுரிமை வாங்கி 2011-ல லண்டன்ல செத்தார். ராமாயணமும் மகாபாரதமும் அவர் அளவுக்கு வரைஞ்சுத் தள்ளுன இன்னொரு ஆள் இந்தியாவுல கஷ்டம். எனக்கு அவர் மகாபாரதப் படங்க எல்லாமே பிடிக்கும்னு சொல்ல மாட்டேன், சிலது அவசரத்துல போட்டது. ஆனா பிடிக்காததுக்கும் தொரத்துறதுக்கும் நடுவுல நெறய தூரம் இருக்கு.

எனக்கு உண்மையில எரிச்சல் வர்றது வேற எடத்துல. 2015-ல காசர்கோடு பக்கத்து டிசைனர் ஒருத்தர் கறுப்பும் காவியுமா கோவக்கார அனுமார் முகம் ஒண்ணு போட்டார், அது நாடு பூரா கார் கண்ணாடியில ஏறிருச்சு. அதுலயாவது ஒரு கோடு, ஒரு டிசைன் புத்தி இருந்துச்சு. இப்ப ஏஐ வந்து தினமும் காலையில குட்மார்னிங்கோட சிக்ஸ்பேக் ராமர், சிக்ஸ்பேக் முருகன், பின்னாடி மின்னல். எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சித்தப்பா அனுப்புறார். ஒண்ணும் சொல்ல முடியாது, சித்தப்பா. ஆனா இதப் போயி சாமியப் புதுசா கற்பனை பண்றதுன்னு எழுதுறாங்க பாருங்க, அதான் தாங்கல. ஜிம்முக்குப் போயிட்டு வந்த அதே காலண்டர் அது. அந்தப் படங்கள்ல அசுரனே கெடையாது, கவனிச்சீங்களா? சாமி மட்டும் தனியா, யாரையோ அடிக்கப் போற மொறைப்புல நிக்கும். எருமைய வெட்டிட்டாங்க. பெரியம்மா கேட்டது கடைசியில நடந்துருச்சு.

ஒருதடவை அப்பாவக் கூட்டிக்கிட்டு குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போனேன். போனவங்களுக்குத் தெரியும், போகாதவங்களுக்கு எழுதிப் புரிய வைக்க முடியாது. மாலை போட்டு 41 நாள், 48 நாள்னு வெரதம் இருந்து ஆம்பளைங்க காளி வேஷம் கட்டுறாங்க, தகரத்துல செஞ்ச கை முதுகுல விரிஞ்சிருக்கும், சடை, வெளிய தொங்குற நாக்கு, ஊர் ஊரா மேளத்தோட போயி காணிக்கை வாங்கிட்டு வந்து கோயில்ல செலுத்துவாங்க. குறத்தி, போலீஸ், குரங்கு, பிச்சைக்காரன்னு எல்லா வேஷமும் இருக்கும். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில சூரசம்ஹாரம், மகிஷன் தலைய மாத்தி மாத்திக்கிட்டு முத்தாரம்மன சுத்தி வர்றான், கூட்டம் கத்துற கத்துல கடல் சத்தம் கேக்காது. அப்பா அதையெல்லாம் விட்டுட்டு டீக்கடை ஓரமா உக்காந்திருந்த ஒரு காளியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அம்பது வயசு இருக்கும் அந்த ஆளுக்கு, தகரக் கையக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு நாக்க மட்டும் பையில போட்டுட்டு டீ குடிச்சிக்கிட்டு இருந்தார், தோள்பட்டையில பட்டை இழுத்த எடம் செவந்து போயிருந்துச்சு. அப்பா போயி பக்கத்துல உக்காந்து, அந்தக் கைய எப்டி மாட்டுவீங்க, எத்தன இஞ்ச் தகரம், மரையா ஆணியான்னு கால் மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. திரும்பி வரும்போது வண்டியில சொன்னாங்க, "அந்தப் பேப்பர் படத்துல பிரச்சனையே இல்லய்யா, ஒரே ஆள்தான் வேஷம் மாத்திக்கிட்டு நிக்கான்".

அந்தப் பேப்பர் படத்த அப்பா தூக்கிப் போடல. நான் சென்னைக்குத் திரும்பிப் போனப்புறம் அத வெட்டி, வெட்டின்னா படத்த இல்ல, படத்தச் சுத்தி இருந்த ஏழு கோடிய, அத மட்டும் பின்னாடி மடிச்சு விட்டுட்டு வெள்ளை அட்டையில ஒட்டி கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டிட்டாங்க. உள்ளங்கை சைஸ் படத்துக்கு அஞ்சு இஞ்ச் வெள்ளை சுத்தியும். பூஜை ரூம்ல மாட்டல, அது அப்பாவோட முடிவு, ஏன்னு நான் கேக்கல.

ஆனா ஆச்சிக்கு ஹால் பூஜை ரூம் வித்தியாசம் எல்லாம் கெடையாது, கண்ணாடி போட்ட எதுவும் சாமிதான், எங்க தாத்தா போட்டோ உட்பட. வெள்ளிக்கிழமை காலையில குங்குமச் சிமிழோட ஒரு சுத்து வருவாங்க. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனப்ப பாத்தேன், தயப் மேத்தா படத்துக் கண்ணாடியிலயும் பொட்டு. கிட்டப் போயிப் பாத்தா, ஆச்சிக்குக் கண்ணு சரியா தெரியாது, நெத்தின்னு நினைச்சு எருமை நெத்தியில வச்சிருக்காங்க. அப்பாகிட்ட சொன்னேன். அப்பா கண்ணாடி தொடைச்சிக்கிட்டே, "தெரியும், மூணு மாசமா அங்கதான் வைக்கிறாங்க"ன்னாங்க.